நாற்பத்தோராவது பூட்டு

நாற்பத்தொன்று. 2023 நவம்பரில் நிஷாந்தினியின் பொறுப்பில் இருந்த இணையப் பெயர்களின் எண்ணிக்கை அது. எல்லவில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் எட்டுப் பேர், வெலிமடையில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் மொத்தமாக ஏற்றும் வியாபாரிகள் மூன்று பேர், இரண்டு கோயில்கள், ஒரு பள்ளிவாசல், கராத்தே வகுப்பு ஒன்று, ஒரு பல் வைத்தியர், கலியாணப் படம் பிடிக்கிற ஒரு கூட்டம். இப்படிப்பட்டவர்கள் எல்லோருடைய 'டொட் கொம்'களும் பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில், அவளுடைய கொம்யூனிகேஷன் கடையில் ஒரு தடித்த சி.ஆர். கொப்பிக்குள் வரிசையாக இருந்தன.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும், போட்டோ கொப்பி இயந்திரம் சூடாவதற்குள், நாற்பத்தொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கணினியில் திறந்து பார்ப்பாள். பூட்டு விழுந்திருந்தால் கொப்பியில் ஒரு சரி போடுவாள். பிறகுதான் தேத்தண்ணீர்.

பூட்டு என்ன என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்கு அவளிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. "உங்க பேரை வெளிநாட்டுல ஒரு கம்பெனி பதிஞ்சு வச்சிருக்கு. வேற கம்பெனிக்கு மாத்தணும்னா மொதல்ல பூட்டைத் தொறக்கணும். அப்புறம் ஒரு ரகசியக் குறி வரும், அதைப் புதுக் கம்பெனிக்குக் குடுக்கணும். குடுத்ததும் உங்களுக்கு ஒரு ஈமெயில் வரும், 'போகுது, சம்மதமா'ன்னு. வேணாம்னா வேணாம்னு அமத்தலாம். அஞ்சு நாள் சும்மா இருந்தீங்கன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்க."

"சும்மா இருந்தா சம்மதமா? என்னங்க இது அநியாயம்?" என்று பல் வைத்தியர் ஒருநாள் கேட்டார்.

"அதுக்குத்தான் டொக்டர் பூட்டு" என்றாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது பூனாகலைப் பக்கம், பனிக்கல் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்து வரிசைவீட்டில். ஆறு பேர் படுத்த ஒற்றைக் காம்பராவின் கதவுக்குக் கம்பி வளையம்தான், பூட்டு கிடையாது. உயர்தரம் எழுதி முடித்த வருடம் ஆசிரியர் நேர்முகத் தேர்வுக்கு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துத் தபாலெல்லாம் அப்போது ஆபீசுக்குத்தான் வரும். ஆபீசில் யாரோ பிரித்துப் பார்த்து, மேசையில் போட்டு, பதினொரு நாள் கழித்து அது கைக்கு வந்தது. நேர்முகத் தேர்வு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுததோடு சரி. மறுமாதம் பதுளைக்கு வந்து ஒரு கொம்யூனிகேஷனில் தட்டச்சுக்குச் சேர்ந்தாள். எட்டு வருடத்தில் அந்தக் கடையே அவளுடையதாயிற்று. பதுளையில் பாதிப் பேருடைய ஈமெயில் அவள் கடையில்தான் பிறந்தது. ஆனால் கடவுச்சொல் போடும் நேரத்தில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாள். "நீங்களே போடுங்க. எனக்குத் தெரிய வேணாம்." மற்றவர் கடிதத்தைத் தொடுவதில்லை என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

கொப்பியில் நாற்பத்தோராவதாக இருந்தது பனிக்கல்மழை டொட் கொம். அதன் சொந்தக்காரர் வீரசிங்கம்.

வீரசிங்கம் பனிக்கல் தோட்டத்து ஆபீசின் பழைய கிளாக்கர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலை ஆறரைக்கு மழைமானிப் போத்தலை எடுத்து அளப்பார். பெரட்டுக்களத்துக் கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் அளவைச் சோக்கட்டியால் எழுதுவார். வேலைக்குப் பேர் கொடுக்க வரும் கீழ்ப்பிரிவு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். மேல்பிரிவில் அறுபத்து நாலு வீடுகள் மலைச்சரிவுக்கு நேர் கீழே இருந்தன. அங்கிருந்து பெரட்டுக்களம் இரண்டரை மைல். சரிவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு மாரியில் அதன் கீழே இருந்த மாட்டுப்பட்டி மண்ணோடு போனது. அந்த மாதமே வீரசிங்கம் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தார்.

"மேல்பிரிவுக்காரங்க போன்ல பாக்கணும் புள்ள. எழுபத்தஞ்சு மில்லிமீட்டரத் தாண்டினா மஞ்ச, நூறத் தாண்டினா செவப்பு. செவப்பானா பேச்சே இல்ல, எல்லாரும் ஸ்கூலுக்கு எறங்கிரணும். தேதி கீதியெல்லாம் போடாத. கெழவங்க கொழம்பிருவாங்க. 'இன்று'ன்னு மட்டும் போடு."

அவள் அப்படியே செய்து கொடுத்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. நடுவில் 'இன்று' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே இலக்கம். இலக்கத்துக்குக் கீழே கரும்பலகையின் படம். படம் வேண்டும் என்றது வீரசிங்கம்தான். "பலகையில என் கையெழுத்தப் பாத்தாத்தான் நம்புவாங்க." தினமும் இலக்கத்தையும் படத்தையும் போனிலிருந்து ஏற்ற அவருக்குப் பழக்கிவிட்டாள். கூலியைப் பற்றி அவள் பேசவில்லை. எழுந்து போகும்போது அவர் வாசலில் நின்று, குடையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கடிதம் அன்னிக்கு என் மேசையிலதான் கெடந்துச்சு புள்ள. நான்தான் கவனிக்கல."  அதன் பிறகு மாதத்தில் ஒருமுறை அவர் பதுளைக்கு வரும் நாளில் அவருக்காக மாடிப்படியில் காத்திருப்பாள்.

அந்த நவம்பரில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. கொழும்பில் அவளுக்குப் பெயர்கள் பதிந்து கொடுத்து வந்த புவாத் நானா வருட முடிவில் தொழிலை மூடப் போவதாகச் சொல்லியிருந்தார். நாற்பத்தொன்றையும் வேறு கம்பெனிக்கு நகர்த்த வேண்டும். ஒரு பெயரின் பூட்டைத் திறப்பாள், குறியை வாங்குவாள், நகர்த்துவாள், உடனே புதுப் பூட்டைப் போடுவாள். அதன் பிறகுதான் அடுத்த பெயர். நாற்பதும் முடிந்துவிட்டன.

நவம்பர் 6, திங்கட்கிழமை, நாற்பத்தோராவது பூட்டைத் திறந்தாள். குறி, சொந்தக்காரரின் ஈமெயிலுக்குத்தான் போகும். செவ்வாய் மாலை வீரசிங்கம் அழைத்தார்.

"வந்திருச்சு புள்ள. நீளமா ஒன்னு. இங்கிலீசும் இலக்கமும் கலந்து கெடக்கு. எழுதி வச்சுக்கிறேன், காலையில வாசிச்சுக் காட்றேன்."

"யாருக்கும் குடுத்துறாதீங்க ஐயா."

"நான் யாருக்குப் புள்ள குடுக்கப் போறேன்?"

புதன் காலையில் மழைமானிப் போத்தலோடு நடந்தவர் ஆபீசுப் படியில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். அறுபத்தெட்டு வயது.

வியாழன் அடக்கத்துக்கு நிஷாந்தினி போனாள். தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்த முற்றத்தில் நிற்கும்போது பூட்டு நினைவுக்கு வந்தது. திறந்துதான் கிடக்கிறது. மூடிவிடலாமா என்று நினைத்தாள். கருமாதி கழித்துக் குடும்பத்திடம் குறியைக் கேட்டு நகர்த்தும்போது மறுபடி திறக்க வேண்டுமே என்றும் நினைத்தாள். குறி யாரிடமும் இல்லை. குறியில்லாமல் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. இருக்கட்டும்.

அப்போது ஜீவன் பக்கத்தில் வந்தான். பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை அவன், வீரசிங்கத்தின் மழைமானி இனி அவன் கையில்.

"அக்கா, இன்னிக்கு அளவு இருபத்திரெண்டு. பலகையில எழுதிட்டேன். போட்டோவும் எடுத்திருக்கேன். நீங்க ஏத்திருவீங்களா? மேல்பிரிவுல கேப்பாங்க."

"அனுப்புங்க ஜீவன்."

வட்ஸ்அப்பில் படம் வந்தது. அவள் இலக்கத்தைப் பார்த்தாள், 22. முற்றத்தில் நின்றபடியே போனிலிருந்து பக்கத்தை மாற்றினாள். பச்சை. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்; அளவு 18, படம், பச்சை.

ஞாயிறு தீபாவளி. அதற்கு முந்திய இரண்டு நாளும் கடையில் நிற்க இடமில்லை. திங்கள் கடை பூட்டு. அந்த வருடத்தில் அவள் பூட்டுப் பார்க்காத ஒரே திங்கட்கிழமை அதுதான்.

நவம்பர் 14, செவ்வாய், காலை ஒன்பது மணிக்குக் கொப்பியை விரித்தாள். நாற்பது சரி போட்டாள். நாற்பத்தோராவது பெயருக்கு எதிரே திரையில் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. 'மாற்றம் நடைபெறுகிறது' என்று இருந்தது. அவள் ஒரு மாற்றமும் கேட்டிருக்கவில்லை.

புவாத் நானா மூன்றாவது அழைப்பில் எடுத்தார்.

"நானா, பனிக்கல் பேர் நகருது. நான் நகர்த்தல."

"பொறுங்க தங்கச்சி, பார்த்துச் சொல்றேன்." விசைகள் தட்டும் சத்தம். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு விழுந்திருக்கு. வேற எங்கயோ உள்ள கம்பெனி. குறியைச் சரியாக் குடுத்திருக்காங்க."

"குறி ஒருத்தர்கிட்டயும் இல்லையே!"

"ஆர்ட்டயோ இருந்திருக்குத்தானே. இல்லாம இது விழாது."

"நிப்பாட்டுங்க நானா."

"என்னால ஏலாது. நகரத் தொடங்கின பிறகு பூட்டும் விழாது. சொந்தக்காரருக்கு ஈமெயில் ஒன்டு போயிருக்கும், அதில வேணாம் என்டு அமத்தினா முடிஞ்சு. நாளைக்கு நாலு பத்து மட்டுக்கும் டைம் இருக்கு. அவரை அமத்தச் சொல்லுங்க."

"அவர் போன புதன்கிழமை தவறிட்டாரு."

 "அப்ப அவர்ட போன் ஆர்ட்ட?" என்றார்.

அது அவளுக்குத் தெரியும். அடக்கத்தன்று கண்ணால் பார்த்திருந்தாள். செத்தவர் அன்றாடம் தொட்ட சாமான்களை லயத்தில் யாரும் தொடுவதில்லை. சட்டை, கண்ணாடி, குடை, வெற்றிலைப் பை எல்லாவற்றையும் ஒரு தகரப்பெட்டியில் போட்டு, மைத்துனன் முறைக்காரர் செத்தவரின் வேட்டியைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டி, மஞ்சள் தடவி முடிச்சுப் போடுவார். பதினாறாம் நாள் கருமாதிக்கு அவரே வந்து அவிழ்ப்பார். வீரசிங்கத்தின் போனும் அந்தப் பெட்டிக்குள்தான் போனது. கட்டியவர் வீரசிங்கத்தின் மனைவி ஜெயலெட்சுமியின் அண்ணன் புவனேந்திரன். பதினாறாம் நாள் நவம்பர் 23.

"நான் வெளிநாட்டுக் கம்பெனிக்கு முறைப்பாடு எழுதுறேன் தங்கச்சி. மூணு நாளைக்குள்ள பதில் என்டு போட்டிருக்கு."

"நாளைக்கு நாலு பத்து, நானா."

"தெரியும்" என்றார் புவாத் நானா. "அதான் போனைத் தேடச் சொல்றேன்."

செவ்வாய் மத்தியானமே கிளம்பினாள். பண்டாரவளைக்கு மேலே பாதையில் மண் விழுந்து பஸ் திரும்பிவிட்டது. அன்றைக்கு அளவு 41. புதன் காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். மண்ணை ஒதுக்கி ஒற்றை வழி விட்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு நின்றது. மழை விடவில்லை. பனிக்கல் சந்தியில் இறங்கும்போது மணி இரண்டரை.

பெரட்டுக்களத்தைத் தாண்டித்தான் வீரசிங்கத்தின் வீட்டுக்குப் போக வேண்டும். கொட்டகையில் ஜீவன் நின்றிருந்தான்.

"இன்னிக்கு அம்பத்தேழு அக்கா. கூடிக்கிட்டே போகுது."

அவள் பலகையைப் பார்த்தாள். மேலே ஜீவனின் கோணல் எழுத்தில் 57. பலகையின் அடிப்பகுதியில் வேறு கையெழுத்து. வெள்ளைச் சோக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் பதினாறு எழுத்துகள். ஆங்கிலமும் இலக்கமும் கலந்து, பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவதைப் போல ஒவ்வொன்றும் தெளிவாக.

"இது என்ன ஜீவன்?"

"ஐயா எழுதுனது. செத்ததுக்கு மொதநாள் பொழுதுபட. அழிச்சிராதடான்னு சொல்லிட்டுப் போனாரு. 'இது நம்ம மழைப் பக்கத்தோட சாவி. எல்லாருக்கும் பொதுவான சாமானு, ஒருத்தன்கிட்ட மட்டும் இருந்தா அவன் செத்தா என்ன பண்றது, எல்லாரும் பாத்து வச்சுக்கட்டும்'னாரு." ஜீவன் சிரிக்கப் பார்த்தான். "மறுநாளே போயிட்டாரு பாருங்க. வாய்முகூர்த்தம்."

தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான சேதி என்றால் பெரட்டுப் பலகையில் எழுதுவார்கள். தண்ணீர் வராத நாள், தடுப்பூசி நாள், கோயில் கூட்டம். வீரசிங்கம் முப்பத்தொரு வருடம் எழுதிய பலகை. யாருக்கும் கொடுக்காதே என்றதற்கு அவர் யாரோ ஒருவருக்குக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் எழுதி வைத்தார்.

அவள் போனை எடுத்து வியாழக்கிழமைப் படத்தைத் தேடினாள். தப்புச் சத்தத்துக்கு நடுவே நின்று அவள் கையாலேயே ஏற்றிய படம். பெரிதாக்கினாள். 22க்குக் கீழே அந்தக் கட்டம். வெள்ளிக்கிழமைப் படத்திலும் அதே கட்டம். உலகத்தில் எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் வாசிக்கலாம். திறந்து கிடந்த கதவில் சாவியையும் தொங்கவிட்டது அவள்தான்.

ஜீவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அழிச்சிரவா அக்கா?"

"இனி இருந்தா என்ன, அழிஞ்சா என்ன" என்றாள். பிறகு, "அழிச்சிருங்க" என்றாள்.

ஜெயலெட்சுமி வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிஷாந்தினி சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அந்தப் பேரு போயிட்டா, மேல்பிரிவுக்காரங்க எதப் பாப்பாங்க?"

"யாரோ எதையோ போடுவாங்க அம்மா. அதத்தான் பாப்பாங்க."

"செவப்பு வராதா?"

"வராது."

ஜெயலெட்சுமி உள்ளே பார்த்தார். பெட்டி சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது. மஞ்சள் தடவிய வேட்டித் துண்டு அதைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தது. "நான் தொறக்க முடியாது புள்ள. எங்கண்ணன் கட்டுன முடிச்சு. நான் கைவச்சா அந்த மனுசனுக்கே ஆகாதும்பாங்க." அண்ணனை அழைத்தார். புவனேந்திரன் வெலிமடையில் மரக்கறி லொறியில் இருந்தார். கத்திப் பேசினார், நிஷாந்தினிக்கும் கேட்டது.

"பதினாறுக்கு முன்ன முடிச்ச அவுக்கவா? அறிவிருக்கா ஒனக்கு? போனுக்காகவா? அந்தக் கொம்பியூட்டர்க்காரிக்கு என்னா தெரியும் நம்ம சடங்கு?"

"அவளும் இந்தத் தோட்டந்தாண்ணே."

"நான் வந்து பேசுறேன். பாதை தெறக்கட்டும். நீ கைய வச்சிராத."

மணி மூன்று நாற்பத்தைந்து. மழை தகரத்தில் கொட்டியது. ஜெயலெட்சுமி கீரைச் சுளகை ஓரமாக வைத்தார். கத்தியை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டார்.

"பீலிக்குப் போயி தண்ணி எடுத்துட்டு வாறேன். இருவது நிமிசம் ஆகும். நீ இரு புள்ள."

நிஷாந்தினி இருந்தாள். பெட்டி நாலடி தூரத்தில். மழை பெய்கிற நேரத்தில் யாராவது பீலிக்குப் போவார்களா என்று ஒரு கணம் நினைத்தாள். கத்தியைப் பார்த்தாள். அவள் கைபட்டால் இந்த வீட்டில் எல்லோரும் என்ன சொல்வார்கள்? அடுத்தவர் முடிச்சு. அடுத்தவர் கடிதம். கேட்காமல் பிரித்தவர்களால் தன் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியது என்பது அவளுக்குத் தெரியும். ஜெயலெட்சுமி சொல்லட்டும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வெட்டுகிறேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நாலு ஐந்துக்கு ஜெயலெட்சுமி திரும்பி வந்தார். முழுக்க நனைந்திருந்தார். குடத்தில் பாதிதான் தண்ணீர். பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளை.

"இன்னும் கட்டியேவா இருக்கு?"

"நீங்க சொல்லலையேம்மா."

"வாயால சொல்லிட்டா புள்ள போவாங்க?" குடம் தரையில் இடித்தது. "நீ வெளியாளு. நீ வெட்டியிருந்தா நான் ஒன்னயத் திட்டிட்டு, எங்கண்ணன்கிட்ட அழுதுட்டுப் போயிருப்பேன். எனக்கு இதுக்கு மேல எப்படிச் சொல்லத் தெரியும்?"

பிறகு அவரே கத்தியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. வேட்டித் துண்டு விழுந்தது. போன் கண்ணாடிக் கூட்டுக்கும் வெற்றிலைப் பைக்கும் நடுவில் கிடந்தது. அணைத்துத்தான் வைத்திருந்தார்கள், உயிர் பாதி இருந்தது. அது விழித்து, சிக்னல் தேடி, ஒரு கோடு பிடித்து, ஈமெயில்களை ஒவ்வொன்றாக இறக்கியது. அந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை தேதியில் இருந்தது. 'நீங்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் இங்கே அழுத்தவும்.' அழுத்தினாள். வட்டம் சுற்றியது. நாலு பதினாலுக்குப் பதில் வந்தது. கோரிக்கை நிறைவேறிவிட்டது, இந்த இணைப்பு இனிச் செல்லாது.

ஜெயலெட்சுமிக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் கேட்கவில்லை. வேட்டித் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வியாழன் காலை, பதுளையில், அவள் பழைய பெயரைத் திறந்து பார்த்தாள். சூதாட்ட விளம்பரமோ வெற்றுத் திரையோ இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அவள் செய்த பக்கமே இருந்தது. எடுத்தவன் யாரோ, எந்த நாட்டிலோ. பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் மட்டும் சிறிதாக விளம்பரம் சேர்த்திருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அது என்ன இலக்கம் என்றும் தெரியாது. நடுவில் 'இன்று' என்று பெரிய எழுத்து. அதன் கீழே 18. பச்சை. அடியில் வீரசிங்கத்தின் கட்டமும் பதினாறு எழுத்துகளும்.

அன்றைக்கு உண்மையான அளவு 71.

புவாத் நானாவின் முறைப்பாட்டுக்கு விசாரிக்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. பெயர் ஒரு கம்பெனிக்கு மாறிய நாளிலிருந்து அறுபது நாள் வேறெங்கும் நகர்த்த முடியாது என்பது விதி. அவள் கொப்பியில் எண்ணிப் பார்த்தாள். நவம்பர் 15லிருந்து அறுபது நாள். ஜனவரி 14. பொங்கலுக்கு முதல் நாள். மாரி அதற்குள் என்னென்ன செய்யும் என்று கொப்பியில் எழுத இடமில்லை.

பத்து மணிக்குள் புதுப் பெயர் ஒன்றைப் பதிந்தாள். பதிந்த நிமிடமே பூட்டினாள். பக்கத்தை அங்கே ஏற்றினாள். இந்த முறை தேதி போட்டாள். மேல்பிரிவின் வட்ஸ்அப் குழுவில் ஜீவன் சேதியை இரண்டு தடவை போட்டான். பழையதைப் பார்க்காதீங்க, இதைப் பாருங்க. ஐம்பது பேர் கும்பிடு அனுப்பினார்கள். சாயங்காலம் அவள் மேல்பிரிவில் தனக்குத் தெரிந்த நிவேதிகாவை அழைத்துச் சோதித்தாள்.

"சேதி பாத்தியா நிவேதிகா?"

"பாத்தேன் அக்கா, பாத்தேன்."

"இன்னிக்கு மழை எவ்வளவு?"

"இருங்க பாத்துச் சொல்றேன்." சில விநாடிகள். "பதினெட்டு அக்கா. பச்சையாத்தான் இருக்கு. வெளிய பாத்தா அப்படித் தெரியல. ஆனா ஐயாட பலகையில அப்படித்தான போட்டிருக்கு."

எட்டு வருடம். போனின் முகப்பில் அந்தச் சின்ன மழைத்துளிப் படத்தை அவள்தான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்து வைக்கச் செய்திருந்தாள். சேதியைக் கண் வாசிக்கும். விரல் பழைய இடத்துக்குத்தான் போகும்.

வெள்ளிக்கிழமை அளவு 84. புதுப் பக்கம் மஞ்சளானது. பழையது பச்சை.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மேல்பிரிவுக்கு ஏறினாள். ஜீவன் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தான். வீடு வீடாக நுழைந்தார்கள். "போனை எடுங்க. நீங்களே அமத்துங்க, நான் சொல்றேன். இதை நீண்ட நேரம் அமத்திப் பிடிங்க. இப்ப அழிங்க. அழிச்சாச்சா? இப்ப இதை வைங்க." ஒரு கிழவர் அழிக்க மாட்டேன் என்றார். "அதுல வீரசிங்கத்தோட எழுத்து இருக்கு. நீ புதுசா வச்சிருக்கறதுல கணக்கப்பிள்ளை எழுத்துத்தான் இருக்கு. கோழி கிண்டுன மாதிரி."

"அந்தக் கோழிதான் இப்ப நெசத்தச் சொல்லுது தாத்தா" என்றான் ஜீவன்.

கிழவர் சரிவைப் பார்த்தார். வெடிப்பின் ஓரத்தில் நேற்று நேராக நின்ற சவுக்கு மரம் சாய்ந்து நின்றது. அவர் போனை நிஷாந்தினியிடம் நீட்டினார். "நீயே அழி." அவள் கையை நீட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவை, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், உயிரோடிருக்கும் ஒருவரின் போனைத் திறந்து அவளே அழித்தாள். அதன் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. வாங்கினாள், அழித்தாள், வைத்தாள், கொடுத்தாள்.

மூன்று மணிக்கு அறுபத்தொரு வீடுகள் முடிந்தன. மூன்று வீடுகளில் வெளியே பூட்டுத் தொங்கியது. லயத்தின் கடைசி வரிசை, சரிவை ஒட்டிய வீடுகள்.

"வெலிமடைக்கு லீக்ஸ் புடுங்கப் போயிருக்காங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு. இப்ப வாற மாதிரி இல்ல."

நிஷாந்தினி மூன்று எண்களையும் அடித்தாள். இரண்டு அணைந்திருந்தன. மூன்றாவதை ஒரு பெண் எடுத்தாள். காற்றும் லொறிச் சத்தமும் கேட்டன.

"தோட்டத்துக்கு இப்ப வராதீங்க. மழை கூட. கேக்குதா?"

"என்னங்க? நாங்க காலையில கூடப் பாத்தோமே. பச்சையாத்தான இருக்கு. வேலையும் முடிஞ்சிருச்சு, அதான் நாளைக்கே வந்துடலாம்னு..."

"அது பொய். அந்தப் பக்கத்தப் பாக்காதீங்க."

"ஹலோ? ஹலோ?" லைன் அறுந்தது. மறுபடி அடித்தாள், போகவில்லை.

அன்றைய அளவு 92. மூன்று குடும்பங்களும், பிள்ளைகளோடு சேர்த்துப் பதினொரு பேர், ஞாயிறு பின்னேரம், அங்கிருந்து வரும் ஒரே பஸ்ஸான நாலரை பஸ்ஸில், பனிக்கல் சந்தியில் இறங்குகிறார்கள். நிஷாந்தினி நாலு மணிக்கே அங்கே நிற்பாள்.